நெஞ்சில் இரண்டு தொந்தரவுகள்: 73 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 73 வயதுப் பெண். தமிழ்நாட்டின் சிறு நகரம் ஒன்றில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. இந்த மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்துவிடும். அவரும் ஒழுங்காகப் போட்டுவந்தார்.

சீட்டில் இல்லாத இரண்டு மாத்திரைகளும் இருந்தன. ஒன்று, விடிந்ததும் காபிக்கு முன்னால் போடும் ‘கேஸ் மாத்திரை’, அதாவது பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல். நாலைந்து வருடம் முன்பு யாரோ ஒரு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்தது, அப்புறம் நிற்கவே இல்லை. இன்னொன்று, முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அசிக்ளோஃபினாக். வலி அதிகமான வாரங்களில் தினமும், மற்ற வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்.

நெஞ்சுத் தொந்தரவு அவருக்குப் புதிதல்ல. இரண்டு வருடமாக விட்டு விட்டு வருகிறது. வீட்டில் எல்லோரும் அதற்கு வைத்த பெயர் கேஸ் ட்ரபிள். ஓமத்தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், சோடா, ஜெலுசில் என்று ஏதோ ஒன்று கொடுப்பார்கள். ஏப்பம் வந்ததும் நெஞ்சு லேசாகிவிடும். அப்படி லேசானதே கேஸ்தான் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த காலை

முந்தைய நாள் ஒரு கிரகப்பிரவேச விருந்து. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நடு நெஞ்சில் பிசைவது போல இருந்திருக்கிறது, லேசாக வியர்த்திருக்கிறது. வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து சோடா குடித்தார். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அன்று நள்ளிரவு, படுத்திருந்தபோது, புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களித்து வந்து எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது திரும்பவும் அந்தப் பிசைவு. இந்த முறை மூச்சும் வாங்கியது. மருமகள் ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார்.

அங்கிருந்த மருத்துவ அலுவலர் செய்தவை எல்லாம் சரியாகவே இருந்தன. கேஸ் ட்ரபிள் என்று சொல்லி வந்தவருக்கு வந்த சில நிமிடங்களிலேயே இசிஜி எடுத்தார். வி4 முதல் வி6 வரையிலான பதிவுகளில் எஸ்டி பகுதி சுமார் ஒரு மில்லிமீட்டர் கீழிறங்கியிருந்தது, இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக. 2023 முதல் நடப்பில் இருக்கும் இதயம் காப்போம் திட்டப்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஒரே வேளையில் பெரிய தொடக்க அளவாகக் கொடுத்து, 108இல் எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார். பின்னால் ரத்தசோகை தெரியவந்தபோது, ‘ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை அவசரப்பட்டு கொடுத்துவிட்டார்களோ’ என்று எங்களில் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மருத்துவ அலுவலர் கையில் இருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு. மாரடைப்பாக இருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் அதன் விலை வேறு.

எங்களிடம் வந்தபோது கண்டது

வலி இல்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 104. ரத்த அழுத்தம் இரண்டு கைகளிலும் கிட்டத்தட்ட ஒன்றே, 136/70. மகாதமனி கிழிந்திருந்தால் கைகளுக்கு நடுவே வித்தியாசம் வரலாம் என்பதால் இதைப் பார்ப்பது வழக்கம். ஆக்சிஜன் அளவு 96 சதவீதம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது நன்றாக வெளிறியிருந்தது. நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் மெல்லிய முணுமுணுப்பு. முதுகு கூனியிருந்தது, ‘அஞ்சாறு வருஷமா குட்டையாயிட்டே வர்றேன்’ என்றார் அவரே.

இசிஜியை மறுபடி எடுத்தோம். முதுகுப் பக்கப் பதிவுகளையும், வி7 முதல் வி9 வரை, சேர்த்தே எடுத்தோம். இதயத்தின் பின்சுவரில் ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தால் வழக்கமான பன்னிரண்டு பதிவுகளில் அது எஸ்டி இறக்கமாக மட்டுமே தெரிந்து ஏமாற்றும். அங்கே ஏற்றம் எதுவும் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் சுருங்கித் திரும்பத் தயாராக எடுக்கும் நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி சற்று நீண்டிருந்தது.

பழைய இசிஜி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, மகன் வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். மூன்று வருடம் முன்பு கண்புரை ஆபரேஷனுக்காக எடுத்த இசிஜியும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அதில் இருந்தன. அந்த இசிஜியில் எஸ்டி பகுதி நேராக இருந்தது. ஹீமோகுளோபின் 11.4. வயதான பலருக்குக் கண் ஆபரேஷன்தான் ஒரே முழு உடல் பரிசோதனை. அந்தக் காகிதங்களைத் தேடச் சொல்வது ஒருபோதும் வீண்போவதில்லை.

இப்போது ஹீமோகுளோபின் 7.4. சிவப்பணுக்களின் சராசரி அளவு 68, அதாவது சிறுத்துப்போயிருந்தன. ஃபெரிடின் 6தான், இரும்புச் சேமிப்பு காலி. வைட்டமின் பி12உம் குறைவு. மெட்ஃபார்மினும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் வருடக்கணக்கில் சேர்ந்தால் பி12 குறைவது தெரிந்ததே. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனின் டி, உயர் நுண்ணறி பரிசோதனையில், வந்தவுடன் 38, மூன்று மணி நேரம் கழித்து 61. இயல்பின் மேல் எல்லை 14. அளவு கூடியிருந்ததைவிட, மூன்று மணி நேரத்தில் அது ஏறியதுதான் எங்களுக்கு முக்கியம். வயதானவர்களிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களிலும் ட்ரோபோனின் சற்றுக் கூடியே இருந்து அங்கேயே நிற்கலாம். ஏறினாலோ இறங்கினாலோ இதயத் தசையில் இப்போது ஏதோ நடக்கிறது என்று பொருள்.

ஆக, ‘கேஸ்’ இல்லை, இதயம் என்று முடிவுகட்டிவிடலாமா? நோயாளி சொன்னது அதற்கு இடம்கொடுக்கவில்லை.

அவர் சொன்னது

முதல் கட்ட வேலைகள் முடிந்தபின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டேன். ‘அம்மா, நடந்தா வருமா, படுத்தா வருமா?’

‘ரெண்டுக்கும் வரும் தம்பி. ஆனா அது வேற, இது வேற.’

இந்த ஒரு பதில் எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல. இரண்டு வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ‘ஏப்பம் வந்தா சரியாகுதா?’ என்பதுதான்.

விவரமாகப் பிரித்துக் கேட்டபோது கிடைத்தது இது. நடக்கும்போது வருவது பிசைவு. நெஞ்சின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு. நின்றால் பத்து நிமிடத்துக்குள் போய்விடும். சாப்பிட்ட கையோடு நடந்தால் சீக்கிரமே வரும், வெறும் வயிற்றில் நடந்தால் அவ்வளவாக இல்லை. கடந்த மூன்று நாலு மாதத்தில் இது அதிகமாகியிருக்கிறது. முன்பு கோயில் வரை போக முடிந்தவர் இப்போது தெருமுனையில் நின்றுவிடுகிறார். படுக்கும்போது வருவது எரிச்சல். கூடவே எதுக்களிப்பு, வாயில் புளிப்பு, விடிகாலையில் வறட்டு இருமல். இது வருடக்கணக்காக ஒரே மாதிரிதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

சாப்பிட்ட பின் வருவதால் வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் நினைத்தது இயல்பு. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் என்பது இரண்டு நோய்க்கும் பொது. உணவு செரிக்கும் நேரத்தில் குடலுக்கு ரத்தம் அதிகம் தேவை, இதயம் கூடுதலாக உழைக்கிறது. அந்த நேரத்தில் நடந்தால் சுருங்கிய குழாயால் ஈடுகொடுக்க முடிவதில்லை. 1772ல் வில்லியம் ஹெபர்டன் ஆஞ்சைனாவை, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலியை, முதன்முதலாக விவரித்து எழுதிய கட்டுரையிலேயே, நடக்கும்போது வரும், மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட உடனேயும் இன்னும் அதிகம் வரும் என்று இருக்கிறது. இருநூற்றைம்பது வருடமாகத் தெரிந்த விஷயத்தை நாம் இன்னும் ஒரு கிளாஸ் சோடாவில் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

எதனால் குறைந்தது என்பதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கப் பார்ப்பது ஏன் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். சோடா குடித்தவர் உட்கார்ந்துதான் குடித்தார். உட்கார்ந்ததால் குறைந்ததா, ஏப்பத்தால் குறைந்ததா? அமிலம் முறிக்கும் மருந்து கொடுத்துக் குறைந்தால் இதயம் இல்லை என்று சொல்ல முடியாது. நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்குக் குறைந்தால் இதயம்தான் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த மருந்து உணவுக்குழாயின் தசையையும் தளர்த்தும். இரண்டு உறுப்புகளிலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. உடலே குழம்பும் இடத்தில் ஒரு வில்லை ஜெலுசில் தீர்ப்பு சொல்லாது. வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பது அதைவிட நிறையச் சொல்லும்.

முதல் இரவின் முடிவுகள்

எங்கள் முன் இருந்தது இரண்டு விதமான மாரடைப்பில் எது என்ற கேள்வி. 2018ல் வெளியான நான்காவது உலகளாவிய வரையறை இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. முதல் வகையில் ரத்தக்குழாயின் கொழுப்புப் படிவு வெடித்து அங்கே ரத்தம் உறைகிறது. இரண்டாம் வகையில் புதிதாக எதுவும் உறைவதில்லை; இதயத்துக்குத் தேவையான ஆக்சிஜனுக்கும் கிடைப்பதற்கும் நடுவே பற்றாக்குறை. ஹீமோகுளோபின் 7.4, நாடி 104 என்று இருக்கும்போது இரண்டாம் வகைக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் சர்க்கரை நோயுள்ள 73 வயதுக்காரரிடம் முதல் வகையை ஊகத்தால் தள்ளிவிட முடியாது.

முதல் வகைக்கு ரத்த உறைவுத் தடுப்பு ஊசி வேண்டும். ரத்தசோகையின் காரணம் உள்ளே கசியும் ரத்தம் என்றால் அதே ஊசி ஆளைக் கவிழ்க்கும். மலம் கறுப்பாகப் போகவில்லை. ஆனால் மலத்தில் மறைவான ரத்தம் இருப்பதாகப் பரிசோதனை காட்டியது. இதயநோய் நிபுணரிடம் தொலைபேசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஹெப்பாரின் வகை ஊசி இப்போது வேண்டாம். ஆஸ்பிரின் 75 மி.கி. தொடரட்டும். குளோபிடோக்ரலை மறுநாளிலிருந்து நிறுத்திவைப்போம். வலி ஓய்விலும் திரும்பினாலோ, இசிஜி இன்னும் மோசமானாலோ, ரத்தசோகையைப் பொருட்படுத்தாமல் அன்றே ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தோம், இரவுப் பணி மாறினாலும் தெரியட்டும் என்று.

ரத்தம் ஏற்றுவதில் தயக்கம் இருந்தது. வயதான இதயத்தில் வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். மறுபுறம், மாரடைப்போடு ரத்தசோகையும் உள்ளவர்களை வைத்து நடந்த மின்ட் ஆய்வு, 3,500 பேருக்கு மேல் சேர்க்கப்பட்டது, 2023ல் வெளியாகியிருந்தது. ஹீமோகுளோபினை 10 வரை கொண்டுபோவதும், 7 அல்லது 8க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றுவதும் ஒப்பிடப்பட்டன. வித்தியாசம் புள்ளியியல் ரீதியாக உறுதியாகவில்லை, ஆனால் தாராளமாக ஏற்றிய பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் நோயாளிக்கு எந்தக் கணக்கிலும் ஒரு யூனிட் தேவைதான். உடலின் நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசியோடு, நாலு மணி நேரம் எடுத்து, மெதுவாக ஏற்றினோம். மறுநாள் இன்னொன்று. கூடவே நாடித்துடிப்பைத் தணிக்கும் மெட்டோபுரோலால், குறைந்த அளவில்.

நிறுத்தியவை: அசிக்ளோஃபினாக் உடனே. டோம்பெரிடோனும் உடனே, க்யூடி நீண்டிருக்கும் 73 வயதுக்காரருக்கு அது வேண்டவே வேண்டாம். இதயத்துடிப்புக் கோளாறு பயத்தால் 2014லேயே ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு அதைக் குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் அது கேஸ் மாத்திரையோடு ஒட்டிப் பிறந்ததுபோல வருடக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. பான்டோபிரசோலை மட்டும் இரண்டு வேளையாக்கித் தொடர்ந்தோம்.

விடியும்போது நாடி 84. எஸ்டி இறக்கம் பாதி மறைந்திருந்தது.

இதயத்துக்குப் பின்னால்

முதல் இரவு படுக்கையிலேயே எடுத்த எக்ஸ்ரேயில் ‘இதயம் பெரிதாக உள்ளது’ என்று எழுதப்பட்டிருந்தது. படுத்தபடி, முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் எல்லா இதயமும் பெரிதாகத்தான் தெரியும். மறுநாள் நிற்க வைத்து, பக்கவாட்டுப் படத்தோடு எடுத்தோம். இதய நிழலுக்குப் பின்னால் உருண்டையாக ஒரு வெளி. அதற்குள்ளே கோடு போட்டதுபோல நீர்மட்டம், மேலே காற்று. இரைப்பையின் ஒரு பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. ஹயாடஸ் ஹெர்னியா என்பது இதுதான். முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழும்போது வயிற்றின் இடம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. வயதான பெண்களிடம் பெரிய ஹெர்னியா அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் நசுங்கியிருந்ததும் தெரிந்தது.

எக்கோவில் (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன்) இதயத்தின் பம்பு வேலை நன்றாக இருந்தது. சுவர்கள் எல்லாம் ஒழுங்காக அசைந்தன. மெல்லிய முணுமுணுப்பு கேட்டதால் மகாதமனி வால்வைக் கவனமாகப் பார்க்கச் சொல்லியிருந்தோம். வயதானவரிடம் நடந்தால் நெஞ்சுவலி, கூடவே காரணம் தெரியாத ரத்தசோகை என்றால் அந்த வால்வு சுருங்கியிருக்கலாம். சுருங்கிய வால்வோடு குடலின் நுண்குழாய்களிலிருந்து ரத்தம் கசிவதும் சேர்ந்து வருவதுண்டு. இங்கே வால்வு தடித்திருந்தது, சுருங்கவில்லை. முணுமுணுப்பு ரத்தசோகையால் வந்ததுதான்.

இடது மேலறைக்குப் பின்னால் ஒரு கட்டிபோல ஏதோ அழுத்திக்கொண்டிருந்ததை எக்கோ எடுத்த மருத்துவர் கவனித்தார். எக்ஸ்ரேயைக் காட்டினோம். சிரித்துவிட்டு, கேண்டீனிலிருந்து ஒரு சோடா வாங்கிவரச் சொன்னார். நோயாளி இரண்டு மடக்கு குடித்ததும் அந்தக் ‘கட்டி’க்குள் குமிழ்கள் சுழல்வது திரையில் தெரிந்தது. இது பழைய உத்தி, ஆனால் நேரில் பார்க்கிற வாய்ப்பு அடிக்கடி வராது. இரண்டு வருடம் நோயை மறைத்துவந்த சோடா அன்றைக்கு அதைக் காட்டிக்கொடுத்தது.

எது முதலில்

ஆஞ்சியோவை முதலில் செய்தால், அடைப்பு இருந்து ஸ்டென்ட் வைத்துவிட்டால், அதன்பின் மாதக்கணக்கில் இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள். எங்கிருந்து ரத்தம் போகிறது என்று தெரியாமல் அதில் இறங்குவது சரியில்லை. எண்டோஸ்கோப்பியை முதலில் செய்தால், சமீபத்தில் இதயத் தசை அடிபட்டவரை மயக்கமருந்தோடு படுக்கவைக்கும் ஆபத்து. நோயாளிக்கு வலி திரும்பாததாலும் எக்கோ நன்றாக இருந்ததாலும் எண்டோஸ்கோப்பிக்கே முன்னுரிமை கொடுத்தோம். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே மட்டும், மயக்கமருந்து இல்லை. ஆஸ்பிரினை நிறுத்தவில்லை.

ஏழு சென்டிமீட்டர் நீள ஹெர்னியா. உதரவிதானம் இறுக்கும் இடத்தில், இரைப்பை மடிப்புகளின் முகட்டில், கீறியது போல நீளவாக்கில் மூன்று புண்கள். கேமரூன் புண்கள் என்று பெயர். 1986ல் இதை நாட்பட்ட ரத்தக் கசிவோடு தொடர்புபடுத்தி விவரித்தவரின் பெயரே நிலைத்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் இரைப்பைச் சுவர் உதரவிதானத்தில் உரசுகிறது, அமிலம் அதைப் பெரிதாக்குகிறது, வலி மாத்திரை ஆறவிடாமல் செய்கிறது. சொட்டுச் சொட்டாகப் போகும் ரத்தம் மலத்தின் நிறத்தை மாற்றுவதில்லை. கருவியை இரைப்பைக்குள் திருப்பிப் பின்னோக்கிப் பார்க்காவிட்டால் இந்தப் புண்கள் தப்பிவிடும். எண்டோஸ்கோப்பி செய்தவரிடம் எக்ஸ்ரேயை முன்பே காட்டியிருந்ததால் அங்கே நேரம் எடுத்துத் தேடினார்.

உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அமில அரிப்பும் இருந்தது, நடுத்தர அளவில். அவர் சொன்ன எரிச்சலைவிட அரிப்பு அதிகம். வயதாக ஆக உணவுக்குழாயின் உணர்வு மழுங்குகிறது. சேதம் கூடும்போதும் எரிச்சல் குறைவாகவே தெரியலாம். புற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை, எடுத்த திசுவிலும் இல்லை. அறுபதைத் தாண்டியவரிடம் ரத்தசோகையோடு நெஞ்செரிச்சல் என்றால் அதைப் பார்க்காமல் விட முடியாது.

இதயம் தேறியபின் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்யப்பட்டது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில். அப்போது ஹீமோகுளோபின் 9.6. இதயத்தின் இடது முன் இறங்கு ரத்தக்குழாயின் நடுவில் சுமார் 60 சதவீதச் சுருக்கம். மற்றவை பரவாயில்லை. உறைகட்டி எங்கும் இல்லை. சுருக்கத்தைத் தாண்டி அழுத்த அளவுக் கம்பியைச் செலுத்திப் பார்த்தபோது 0.84 வந்தது. 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சுருக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுப்பதாகக் கொள்வார்கள். ஸ்டென்ட் வைக்கவில்லை.

இப்போது படம் முழுதாகத் தெரிந்தது. இதயக் குழாயின் சுருக்கம் நிஜம், ஆனால் ஹீமோகுளோபின் போதுமான அளவில் இருந்தவரை அது தொந்தரவு செய்யவில்லை. ஹெர்னியாவின் புண்கள் ரத்தத்தை வடித்தன, வடிந்த ரத்தம் சுருக்கத்தை வலியாக மாற்றியது. அதே ஹெர்னியாதான் இரவில் அமிலத்தையும் மேலே ஏற்றியது. நோயாளி சொன்னபடி அது வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் போய் நின்றன.

வீடு திரும்பிய பின்

இரும்பை மாத்திரையாகக் கொடுக்கவில்லை. அமிலம் குறைந்த இரைப்பையில் அது சரியாக உறிஞ்சப்படாது, மலச்சிக்கல் வேறு. நரம்பு வழியாக ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் 1000 மி.கி., பிறகு 500 மி.கி. பி12 ஊசிகள் தனியாக. ஆம்லோடிபினை நிறுத்தி, டெல்மிசார்டானும் மெட்டோபுரோலாலும் வைத்தோம். ஆம்லோடிபின் வகை மருந்துகள் உணவுக்குழாயின் கீழ் வாயிலைத் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டக்கூடும். முழங்காலுக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைப் பயிற்சி. முள்ளெலும்புகளை நசுக்கிய எலும்பு மெலிவுக்கு வாய்வழி அலெண்ட்ரோனேட் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. உணவுக்குழாயில் புண் இருப்பவருக்கு அது தங்கி இன்னும் அரிக்கும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாம் வாரத்திலேயே தெருமுனையைத் தாண்டி நடந்தார். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.6, கோயில் வரை நிற்காமல் போய்வந்தார். இரவு எரிச்சல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ராத்திரி சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல் ஆனால் வரும், ஏழரைக்குள் முடிந்தால் வராது. தலைமாட்டுக் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியது உதவியது. தலையணையை அடுக்குவதை நிறுத்தச் சொன்னோம். அது இடுப்பை மடக்கி வயிற்றை இன்னும் அழுத்தும்.

குடலையும் பார்த்தோம். இந்த வயதில் இரும்புச்சத்துக் குறைவுக்கு மேலே ஒரு காரணம் கிடைத்தாலும் கீழே இன்னொன்று ஒளிந்திருக்கலாம். இதயத்துக்கு ஓய்வு கொடுத்துச் சில வாரங்கள் தள்ளிக் கொலோனோஸ்கோப்பி செய்யப்பட்டது. தீங்கற்ற ஒரு சிறு பாலிப்பைத் தவிர ஒன்றுமில்லை.

ஐந்தாம் மாதம் ஹீமோகுளோபின் 10.1க்கு இறங்கியது. வலி மாத்திரை திரும்ப ஆரம்பித்துவிட்டாரா என்று முதலில் கேட்டோம். இல்லை. ‘கேஸ் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, பான்டோபிரசோலை ஒன்றரை மாதமாக நிறுத்தியிருந்தார். பயம் முழுக்க ஆதாரமற்றதும் இல்லை. தேவையில்லாமல் வருடக்கணக்கில் போடுபவர்களிடம் நாங்களே நிறுத்தச் சொல்கிறோம். இவருக்கு ஏன் தேவை என்பதை எண்டோஸ்கோப்பிப் படத்தைக் காட்டி விளக்கினோம். மறுபடி ஆரம்பித்தார். எட்டாம் மாதம் 11.8.

அறுவை சிகிச்சை பற்றி இரைப்பைக் குடல் அறுவை நிபுணரிடம் பேசினார்கள். லேப்ராஸ்கோப்பி வழியாக இரைப்பையைக் கீழே இறக்கி உதரவிதானத் துவாரத்தைத் தைக்கலாம். ரத்தசோகை உண்டாக்கும் பெரிய ஹெர்னியாவுக்கு அது நியாயமான வழிதான். நோயாளிக்கு விருப்பமில்லை. மருந்திலேயே ரத்தம் நிலைத்திருப்பதால் நிபுணரும் வற்புறுத்தவில்லை. ஹீமோகுளோபின் மருந்தையும் மீறி இறங்கினால் திரும்பப் பேசலாம் என்று முடிவானது. மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம்: திடீரென்று மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ கடும் வலி, வாந்தி வருவதுபோல ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராமை, இரண்டும் சேர்ந்தால் சோடா, ஓமம் எதுவும் கொடுக்காமல் நேரே கிளம்பி வாருங்கள். ஏறிய இரைப்பை முறுக்கிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். மணிக்கணக்கில் தாமதிக்க முடியாது.

மாற்றிக்கொண்டவை

நெஞ்சுத் தொந்தரவோடு வரும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இப்போது முதல் ட்ரோபோனின் மாதிரியோடேயே ஹீமோகுளோபினும் போகிறது. முன்பு அது காலை ரவுண்டுக்குப் பின் போகும் ‘வழக்கமான’ பரிசோதனைகளில் இருந்தது. நோயாளி நிற்க முடிந்த உடனேயே பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். படுக்கைப் படத்தை வைத்து ‘இதயம் பெரிது’ என்று எழுதுவதை ரேடியாலஜி நண்பர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கேட்கும் கேள்வித்தாளும் மாறியது. ‘கேஸ் மாத்திரைக்குக் குறைந்ததா’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘வந்தபோது நடையா, படுக்கையா, குனிந்த நிலையா’ என்றும், ‘ஒரே மாதிரியா, இரண்டு மாதிரியா’ என்றும் வைத்தோம். இரண்டாவது கேள்விக்குச் சிலர் முழிக்கிறார்கள். சிலர் உடனே பதில் சொல்கிறார்கள்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ‘காலை வெறும் வயிற்றில்’ என்று எழுதுவதை விட்டுவிட்டோம். இந்த நோயாளி விடிகாலை ஐந்தரைக்குப் போட்டுவிட்டு ஒன்பதரைக்குத்தான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உணவு தூண்டும் நேரத்தில்தான் அமிலம் சுரக்கும் பம்புகள் விழித்துக்கொள்கின்றன. அதற்குள் மாத்திரையின் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து போய்விட்டிருக்கும். இப்போது ‘டிபனுக்கு அரை மணி நேரம் முன்’, ‘ராத்திரி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்’ என்று எழுதுகிறோம்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு, வலி இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜியை வீட்டில் யாராவது ஒருவரின் போனில் படமாக ஏற்றிக்கொடுத்துவிடுகிறோம். மஞ்சள் பை எல்லா வீட்டிலும் இருப்பதில்லை.